இரட்டைப் பின்னல்

இதில் வரும் பெயர்கள் மாற்றப்பட்டவை. நேரம் எதுவும் மாற்றப்படவில்லை. மூன்று நாற்பத்தேழு என்றால் மூன்று நாற்பத்தேழுதான். தமயந்தியின் கணவர் தண்டபாணியின் போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது, தேதியோடு, நேரத்தோடு. நம்பாமல் கேட்டவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். இரண்டாவது முறை பார்க்க யாரும் கேட்டதில்லை.

தமயந்திக்கு நாற்பது வயது. ஈரோட்டுக்காரி. ஆக்லாந்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறரைக்குப் போனால் இரண்டரைக்கு முடியும். அப்படியே வீடு இருக்கும் எப்சம் பகுதிக்கு வந்து, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். தண்டபாணிக்கு நகர மையத்தில் ஐ.டி. வேலை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே.

மகள் தாரிணிக்கு ஒன்பது வயது. ஆக்லாந்திலேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும். வாயிலிருந்துதான் வராது. தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டு தடவை சேர்த்துவிட்டார்கள். இரண்டு தடவையும் அழுது நின்றுவிட்டாள்.

"ஒரு நாளாச்சும் எங்கூடத் தமிழ்ல பேசு கண்ணு."

"மேபி, அம்மா."

இதுதான் தமயந்திக்கு மனசுக்குள் இருந்த குறை. வேறு குறை என்று ஒன்றும் இல்லை.

2024 செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை. தண்டபாணிக்கு மாட்ரிட்டில் இரண்டு நாள் ஆபீஸ் வேலை. மூன்று பேரும் கிளம்பினார்கள். வேலை முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்தாச்சு, பக்கத்தில்தானே என்று மொராக்கோவுக்கு விமானம் ஏறினார்கள். ஃபெஸ் நகரம். மதில் சூழ்ந்த பழைய ஊர். உள்ளே ஆயிரக்கணக்கான சந்துகள். கார் நுழையாது. கழுதைதான் போகும்.

தண்டபாணி தன் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார். "மாத்தவே வேண்டாம் பாரு. இங்கயும் நம்ம ஊருக்கும் சரியா பன்னெண்டு மணி நேரம். முள் அதே இடத்துலதான் நிக்கும்."

அக்டோபர் 3. வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு மதிலின் நீல வாசலில் வழிகாட்டி காத்திருந்தார். பெயர் இத்ரீஸ். அறுபது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. அந்தச் சந்துகளிலேயே பிறந்து வளர்ந்தவர். சுத்தமான ஆங்கிலம் பேசினார்.

"போன் மேப் உள்ளே வேலை செய்யாது. என் முதுகைப் பார்த்து நடங்கள். பாலாக் என்று கத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கழுதை வருகிறது என்று அர்த்தம்."

நல்ல மனுஷன். தாரிணிக்குப் புதினா இலை வாங்கிக் கொடுத்தார், தோல் பதனிடும் இடத்து நாற்றத்துக்கு மூக்கில் வைத்துக்கொள்ள. மாடியிலிருந்து சாயத் தொட்டிகளைக் காட்டினார். பித்தளைத் தட்டு அடிப்பவர்களின் சதுக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். தாரிணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் கேள்வி கேட்டாள். மதியம் மூன்றரை வரை ஒரு குறையும் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு சந்து அடைபட்டிருந்தது. சுவர் சரிந்துவிடாமல் மரச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இத்ரீஸ் அந்த ஆட்களோடு அரபியில் ஏதோ வாதாடினார். அவர்கள் கையை விரித்தார்கள். அவர் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"வேறு வழியில் போக வேண்டும். சின்னச் சந்து. நூறு அடிதான். வேகமாக நடங்கள்."

கொஞ்சம் யோசித்தார்.

"உள்ளே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்."

"ஏன்?" என்றார் தண்டபாணி.

"இங்கே வழக்கம்."

இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தொடும். அவ்வளவுதான் அகலம். மேலே வானம் ஒரு நாடா மாதிரித் தெரிந்தது. பட்டப்பகல். ஆனாலும் உள்ளே ஈரம், குளிர். முன்னால் இத்ரீஸ். பின்னால் தண்டபாணி. அடுத்து தாரிணி. கடைசியில் தமயந்தி. சந்து முழுக்க ஒரே ஒரு கதவு. இடது பக்கம். பழைய மரக் கதவு. வெளியே பெரிய பூட்டு. துருப்பிடித்து, கதவோடு கதவாகிப் போன பூட்டு.

தாரிணி நின்றாள்.

"அம்மா, வாட் இஸ் பிள்ளை?"

"என்ன கண்ணு?"

"ஸம்படி செட், இஞ்ச வா பிள்ளை."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் வீட்டில் கண்ணு என்பார்கள், சாமி என்பார்கள், அம்மிணி என்பார்கள். இஞ்ச வா பிள்ளை என்று யாரும் கூப்பிட்டதில்லை. அது இலங்கைத் தமிழ். ஃபெஸ் நகரத்துச் சந்தில் யார் வந்து இலங்கைத் தமிழ் பேசப் போகிறார்கள்?

"யாரு சொன்னாங்க?"

தாரிணி கதவைக் காட்டினாள்.

தமயந்தியின் சிரிப்பு நின்றது. "தாரிணி, கிட்ட வா," என்றாள்.

பெயரைச் சொல்லிவிட்டாள். வாய் தவறித்தான்... ஆனால் சொல்லிவிட்டாள்.

முன்னால் போன இத்ரீஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அதே நொடியில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாலாக்!"

எல்லோரும் சுவரோடு ஒட்டினார்கள். முதுகு நிறைய ஈரத் தோல் ஏற்றிய கழுதை ஒன்று உரசிக்கொண்டு போனது. நாலைந்து நொடிதான் இருக்கும். தண்டபாணி அதைப் படம் பிடித்தார்.

கழுதை போனது. ஓட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. அப்படியானால் கத்தியது யார்?

அதைத் தமயந்தி அப்போது யோசிக்கவில்லை. ஏனென்றால், அவளுக்கும் தண்டபாணிக்கும் நடுவில் தாரிணி இல்லை.

மணி 3.47.

அடுத்து நடந்ததைச் சொல்லும்போது தமயந்தி இன்னும் கைகளை இறுக்கிக்கொள்கிறாள். முன்னால் ஓடினார்கள். பின்னால் ஓடினார்கள். இத்ரீஸ் ஒரு பக்கம், தண்டபாணி ஒரு பக்கம். தமயந்தி அந்தச் சந்திலேயே அங்கும் இங்கும் ஓடினாள். பூட்டிய கதவை இரண்டு கையாலும் அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். இப்போது பெயரைச் சொல்லாதே என்று யார் தடுக்க முடியும்? பக்கத்துச் சந்தின் கடைக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் ஒரு குழந்தையையும் பார்க்கவில்லை.

அந்தக் கதவை அவள் ஐந்து முறை கடந்தாள். வாசற்படி வெறுமையாக இருந்தது. ஐந்து முறையும்.

ஆறாவது முறை...

தாரிணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

காலை மடக்கி, முதுகைப் பூட்டிய கதவில் சாய்த்து, அமைதியாக. மணி 4.11.

தமயந்தி அவளை வாரி அணைத்துக்கொண்டாள். அழுதாள். அடித்தாள். மறுபடி அணைத்தாள். பிறகுதான் கையில் பட்டது.

தலைமுடி.

தாரிணிக்குத் தோள் வரைக்கும்தான் முடி. எப்போதும் விரித்துத்தான் விடுவாள். பின்னவே விடமாட்டாள். இப்போது வகிடு எடுத்து, வழித்து வாரி, இரட்டைப் பின்னல். இரண்டையும் மேலே மடித்துக் கறுப்பு ரிப்பனால் கட்டியிருந்தது. எண்ணெய் சொட்டியது. தேங்காய் எண்ணெய்.

அந்த ஊரில் மூன்று நாளில் அவள் தேங்காய் எண்ணெயை எங்கேயும் பார்க்கவில்லை.

"எங்கடி போன?"

தாரிணி ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் எங்கேயும் போகலையே. இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நீதான் என்னைத் தாண்டித் தாண்டி ஓடினே. ஐந்து தடவை."

"ஏன் கூப்பிடல?"

"முடிக்கிற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொன்னாங்க."

"யாரு?"

தாரிணிக்குக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"அம்மா."

இத்ரீஸ் மூச்சு வாங்க வந்து நின்றார். ரிப்பனைப் பார்த்தார். தொடவில்லை. "அவிழ்த்து வாசலில் வையுங்கள். இங்கே இருந்து எதையும் எடுத்துப் போகாதீர்கள்."

தமயந்தி அவிழ்த்து வைத்தாள்.

"இப்போது ஒன்று கேளுங்கள். உங்கள் மகளுக்கு மட்டும் தெரிந்தது எதையாவது."

"எதுக்கு?" தண்டபாணி சீறினார்.

"கேளுங்கள்."

தமயந்தி கேட்டாள். விழுந்த பல்லை எங்கே ஒளித்து வைத்தாய்? தாரிணி கண்ணைச் சுழற்றினாள். கிட்டார் பையில், யாரிடமும் சொல்லாதே என்றேனே, என்றாள். சரியான பதில். இத்ரீஸ் பெருமூச்சு விட்டார். ஆனால் முகம் தெளியவில்லை. நீல வாசல் வரை கூட்டிப்போனார். பிரியும்போது தமயந்தியிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார். தண்டபாணியிடம் அல்ல... தமயந்தியிடம்.

அன்றைக்கு விடுதியில் தண்டபாணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கழுதையை எடுத்த படம். 3.47. சந்து இருக்கிறது. சுவரோடு ஒட்டிய தமயந்தி இருக்கிறாள். கதவுப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு நிற்கும் தாரிணி இருக்கிறாள்.

கழுதை இல்லை.

ஆக்லாந்து திரும்பினார்கள். அக்டோபர் 14, திங்கட்கிழமை, பள்ளி திறந்தது. எப்சமில் வீடு, மழை, வேலை, துணி துவைப்பது, சோறு ஆக்குவது. பழைய வாழ்க்கைக்குள் போய்விட்டால் மனசு எதையும் மறக்கப் பார்க்கும். தமயந்தியும் மறக்கப் பார்த்தாள். ஒரு குழந்தை வழி தவறியது. யாரோ ஒரு பெண் கூட்டிவைத்துத் தலை வாரிவிட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கேட்டாள். "மைலோ குடிக்கிறியா கண்ணு?"

"ஓம்."

தண்டபாணி சிரித்தார். "என்னடி, யாழ்ப்பாணத்துப் பொண்ணு ஆயிட்ட?" பள்ளியில் எந்தப் பிள்ளையிடமோ கற்றுக்கொண்டிருப்பாள் என்றார். தமயந்திக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

புதன்கிழமை தாரிணி சொன்னாள். "அம்மா, நாளைக்குச் சொதி வைக்கிறீங்களோ?"

முழு வாக்கியம். தமிழில். ஒன்பது வருஷத்தில் முதல் முறை.

எவ்வளவு ஆசைப்பட்ட விஷயம்! தமயந்திக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் வீட்டில் சொதி என்ற வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அது என்ன என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

மறுநாள் வேலையிடத்தில் கிருசாந்தியிடம் கேட்டாள். கிருசாந்தி கூட வேலை செய்பவள். யாழ்ப்பாணத்துக்காரி. ஹென்டர்சனிலிருந்து தினம் ரயிலில் வருவாள்.

"தேங்காய்ப்பால் விட்டு வைக்கிறது அக்கா. இடியப்பத்துக்கு விட்டுச் சாப்பிடுவம். ஏன் கேக்கிறியள்?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டுத் தமயந்தி வேலைக்குத் திரும்பினாள்.

அன்று, அக்டோபர் 17. மூன்று மணிக்குத் தாரிணியைக் கூட்டி வந்தாள். தெருமுனை டெய்ரிக் கடையில் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் சத்தம். நடைவழியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. தாரிணியின் குரல். மெதுவாக.

எட்டிப் பார்த்தாள்.

அந்த நடைவழியில் வெந்நீர்த் தொட்டி வைத்த சின்ன அலமாரி ஒன்று உண்டு. அந்த ஊர் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். உள்ளே எப்போதும் சூடு. துண்டுகளை அடுக்கி வைப்பார்கள். கதவு மூடியிருந்தது. தாரிணி தரையில் காலை மடக்கி, அந்தக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

தலை பின்னால் போனது. நேராக வந்தது. மறுபடி பின்னால் போனது. நேராக வந்தது.

யாரோ சிக்கெடுத்து வாரும்போது குழந்தையின் தலை அசையுமே... அப்படி.

"ஓம் அம்மா," என்றாள் தாரிணி. "இல்லை அம்மா. இன்னும் வரேல்லை."

தமயந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

3.49.

கூப்பிட வாய் வரவில்லை. தாரிணியின் முடி காதோரத்தில் மூன்று பிரிவாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. தானாக. மெதுவாக. பழகிய கையின் வேகத்தில்...

4.11.

தலை நேரே நின்றது. தாரிணி எழுந்தாள். இரட்டைப் பின்னலோடு வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி டி.வி. போட்டாள்.

வெள்ளிக்கிழமை தண்டபாணி வீட்டில் இருந்தார். 3.47க்கு அவரும் பார்த்தார். பார்த்தவர் பாய்ந்து மகளைத் தூக்கிக்கொண்டு அலமாரிக் கதவை இழுத்துத் திறந்தார். வெந்நீர்த் தொட்டி. துண்டுகள். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் கதவின் உள்பக்கம், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு கறை. எண்ணெய்க் கறை. உட்கார்ந்திருக்கும் ஒருவர் நெற்றியைச் சாய்த்தால் படும் உயரம்.

தாரிணி அவர் தோளில் துடித்தாள். "விடுங்கோ! அம்மா முடிக்கேல்லை! விடுங்கோ!" பெற்ற தாய் முன்னால் நிற்கிறாள். குழந்தை அலமாரியைப் பார்த்துக் கையை நீட்டி அம்மா, அம்மா என்று அழுகிறது. பாதியில் விட்ட பின்னல் தோளில் தொங்குகிறது. அன்று இரவு முழுக்க அவளுக்குக் காய்ச்சல்.

அதற்குமேல் தடுக்க அவர்களுக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை தமயந்தி கிருசாந்தியை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். எல்லாவற்றையும் சொல்லித்தான் கூட்டி வந்தாள். கிருசாந்தி சிரிக்கவில்லை. "எங்கட ஆக்கள் எவ்வளவு பேர் சண்டைக்காலத்தில ஊரை விட்டு வெளிக்கிட்டு வழியில நிண்டு போனவை, அக்கா," என்றாள். "ஏஜென்சிக்காரன் எந்த நாட்டில விடுவான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

3.47. தாரிணி போய் உட்கார்ந்தாள். தலை அசைய ஆரம்பித்தது.

கிருசாந்தியின் முகம் வெளுத்தது. ஆனாலும் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்துப் பேசினாள். பயந்த குழந்தையிடம் பேசுகிற குரலில்.

"அக்கா... ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?"

தலை நின்றது.

வெளியே கேட்ட சத்தமெல்லாம் நின்றிருந்தது. வீடு முழுக்கத் தேங்காய் எண்ணெய் மணம்.

பதில் தாரிணி வாயிலிருந்து வந்தது. அவள் குரல்தான். ஆனால் யாரோ சொல்லச் சொல்ல ஒப்பிப்பது மாதிரி.

"என்ர பிள்ளையை ஒரு அண்ணை கூட்டிக்கொண்டு போனவர். பின்னேரம் கொண்டு வந்து விடுவன் எண்டவர்."

"இது உங்கட பிள்ளை இல்லை, அக்கா."



தலை மறுபடி பின்னால் போனது. இந்த முறை வேகமாக. இழுத்து. தாரிணியின் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தமயந்தியால் தாங்க முடியவில்லை.

அதுவரை சுவரோடு நின்றவள் வந்து மண்டியிட்டாள். மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். கதவிடம் பேசினாள்.

"நாந்தாங்க இவளப் பெத்தவ. இவ என்ற கண்ணு. உங்க புள்ளயத் தேடுங்க... எங்கிருந்தாலும் கிடைக்கட்டும். நானும் சாமி கும்புடறேன். ஆனா இவள விட்ருங்க. நான் உசுரோட இருக்கறப்ப இவளுக்கு இன்னொரு அம்மா வேண்டாங்க."



பிறகு தாரிணி தலையைச் சாய்த்து, காதில் ஏதோ சொல்வதைக் கேட்டாள். தலையாட்டினாள்.

"சரியாம்," என்றாள். "அவ பாத்துக்கொண்டு இருப்பாவாம்."

கடிகாரம் 4.11.

பின்னல் அவிழ்ந்தது. தானாக. முடி விரிந்து தோளில் விழுந்தது. தாரிணி கண்ணைக் கசக்கினாள். "அம்மா, ஐ'ம் ஹங்ரி," என்றாள்.

தமயந்தி அழுதுகொண்டே சிரித்தாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்வாளாம், யாருக்கும் கெடுதல் செய்யமாட்டாளாம் என்று தண்டபாணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். கிருசாந்தி கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது வாசலில் நின்றாள். "அக்கா, எங்கட பேச்சில பாத்துக்கொண்டு இருக்கிறது எண்டால் வேற," என்றாள். "காத்துக்கொண்டு இருக்கிறது."

"எதுக்குக் காத்துக்கிட்டு?"

கிருசாந்திக்குத் தெரியவில்லை.

அதோடு நின்றது. உண்மையாகவே நின்றது. 3.47 வந்தது, போனது. தாரிணி டி.வி. பார்த்தாள், கிட்டார் வாசித்தாள். ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. தமயந்தியும் பேசு என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் போனது. கோடை போனது. அலமாரிக் கதவை மாற்றிப் புதுக் கதவு போட்டார்கள். ஜூன் மாதம் தாரிணிக்குப் பத்து வயது ஆனது. கேக் வெட்டினார்கள்.

2025 ஆகஸ்ட் 28. வியாழக்கிழமை. மாலை 7.40. தமயந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"மேடம், நான் இத்ரீஸ். ஃபெஸ்."

அவள் கையைத் துடைத்தாள்.

"உங்கள் மகள் நன்றாக இருக்கிறாளா?"

"இருக்கிறாள். ரொம்ப நன்றாக இருக்கிறாள்."

"தெரியும்," என்றார் இத்ரீஸ். "குழந்தைகளுக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

அவர் சொன்னார். அந்தச் சந்துக்குப் பின்புறம் ஒரு மூதாட்டி குடியிருந்தார். சாகக் கிடக்கும்போது நேற்று இத்ரீஸைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில், கடல் தாண்டி ஸ்பெயினுக்குப் போகக் காத்திருந்தவர்களை ஆள் கடத்துகிறவர்கள் அடைத்து வைப்பார்களாம். ஒரு பெண். எங்கோ கிழக்கே ஒரு தீவிலிருந்து வந்தவள். அவள் பேசுவது யாருக்கும் புரியாது. கூட ஒரு சின்னப் பெண் குழந்தை. குழந்தையை ஒருவன் முதலில் கூட்டிப்போனான். அந்தப் பெண் தினமும் மதியம் வாசலில் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கதவு வெளியே பூட்டியிருந்தது. அவளையும் கூட்டிப்போய்விட்டார்கள் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள்.

"கொஞ்ச நாள் உள்ளே இருந்து தட்டும் சத்தம் கேட்டதாம்," என்றார் இத்ரீஸ். "அந்த ஆட்களுக்குப் பயந்து யாரும் திறக்கவில்லை. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பூட்டை இன்றுவரை யாரும் திறக்கவில்லை, மேடம்."

தமயந்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உங்கள் மகள் முதல் ஆள் இல்லை. முன்னால் மூன்று குழந்தைகள். மூன்றும் கொஞ்ச நேரம் காணாமல் போய், அதே வாசலில் கிடைத்தவர்கள். தலை வாரி, எண்ணெய் வைத்து. இரண்டு பேரைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது குழந்தையைப் பற்றி நேற்றுத்தான் தெரிந்தது."

"அந்தக் குழந்தைகள்..."

"மூவரும் நன்றாக வளர்ந்துவிட்டார்கள்."

இத்ரீஸ் குரலைத் தாழ்த்தினார்.

"அவர்களுடைய அம்மாக்கள், மேடம். ஒருவர் தூக்கத்தில் இறந்தார். ஒருவர் சொந்த வீட்டு மாடிப்படியில். ஒருவர் முழங்கால் ஆழத் தண்ணீரில், நன்றாக நீந்தத் தெரிந்தவர். மூவருமே..."

அவர் நிறுத்தினார்.

"மூவருமே ஒரு வருஷம் முடிவதற்குள்."

தமயந்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஃபெஸ் போன அந்த அக்டோபர் 3-லிருந்து விரல் விட்டு எண்ணினாள்.

பத்து மாதமும் இருபத்தைந்து நாளும் ஆகியிருந்தது.